ஏட்டய்யா குரல்

டோக்கன் நம்பர், முப்பத்து, ஒன்று, கவுன்டர், நான்கு. இப்படித்தான் சொல்கிறாள் அந்த மெஷின் அக்கா. ஒரே மூச்சில் பேசியது இல்லை, வேறு வேறு நாளில் பேசி வெட்டி ஒட்டியது, அதனால் 'டோக்கன் நம்பர்' என்னும்போது குளித்துச் சாப்பிட்டுப் பூ வைத்து வந்தவள், 'முப்பத்து' என்னும்போது யாரிடமோ திட்டு வாங்கியவள், 'கவுன்டர்' என்னும்போது மூக்கடைப்பு. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே அவளைப் பிடித்துவிட்டேன். நாக்கைக் கீழ்ப்பல்லில் ஒட்டவைத்து, மூக்கைப் பாதி மூடிக்கொண்டு, பக்கத்து நாற்காலி ஷிஃபானாவின் காதில், 'டோக்கன் நம்பர், ஷிஃபானா, கவுன்டர், கக்கூஸ்' என்றேன், அவள் ஷாலை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள், 'ஏட்டி ரெமிலா, இன்னொரு தடவ, இன்னொரு தடவ' என்றாள், நான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று அவள் கேட்கவும் இல்லை. இன்னும் ஏழு டோக்கன். எங்களுடையது முப்பத்தெட்டு, தூத்துக்குடியிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் இந்த விசா ஆபீஸுக்கு வந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே டோக்கன், சொர்ணம் மிஸ் மடியில் வைத்திருக்கும் நீலக் கோப்பில் ஒரே லிஸ்ட், லிஸ்ட்டில் பத்துப் பேர். ஒன்பது பிள்ளைகள், பத்துப் பேர். ஏழாவது பேர் முத்துக்கனி, எட்டாவது நான். நாங்கள் உட்கார்ந்திருக்கிற இரும்பு நாற்காலி வரிசையில் எனக்கு இடப்பக்கம் ஒன்று காலி, யாரும் பேசி வைத்துக்கொண்டு விட்டது இல்லை, பத்து என்று எண்ணி எண்ணிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஏசிக் காற்று நேராக அந்த நாற்காலியில்தான் வந்து விழுகிறது. கனி இருந்தால் இந்நேரம் கையைச் சுருட்டித் தாவணிக்குள், இல்லை, அவள் தாவணி போடமாட்டாள், சுடிதார் கைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வெயிலைத் தவிர வேறு எதற்கும் பழகாத உடம்பு. மிஸ் காலையில் டீ குடிக்கும்போதே சொல்லிவிட்டார்கள், 'ஆள் வரலன்னா பேர அடிச்சிருவாங்க பிள்ளைகளா. அடிக்கிறதுக்கு முன்னால, பாஸ்போர்ட் தாமதமாகுதுன்னு நான் ஒரு லெட்டர் கொடுத்தா அடுத்த வியாழன் வரைக்கும் இடத்த வைப்பாங்களாம். ஆனா என்னத்தச் சொல்லி எழுத? போலீஸ் மறுபடியும் விசாரிக்குமா விசாரிக்காதான்னே தெரியாம, நான் எந்தத் தைரியத்துல கையெழுத்துப் போட?' மிஸ் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்தார்கள், எல்லோரிலும் நான் இருந்தேன்.

முப்பத்து, இரண்டு. 'இரண்டு' சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம். குரலுக்கு ஒரு கைப்பிடி இருக்கும், குடத்துக்குக் கழுத்து மாதிரி, அதைப் பிடித்துத் தூக்கினால் முழுக் குரலும் வந்துவிடும், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மதர் சுப்பீரியருக்குக் கைப்பிடி 'அதாவது'. சொர்ணம் மிஸ்ஸுக்கு வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஏக்கம். ஷிஃபானாவுக்கு மூக்கு. எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர், அதில் முப்பது பேருக்கு நான் 'உள்ளேன் மிஸ்' சொல்லியிருக்கிறேன், வராத நாளில் அவளவள் குரலில், ஒரு தடவைகூட மாட்டியதில்லை. மீதி இரண்டில் ஒன்று நான், இன்னொன்று கனி. கனி லீவு போட்டதே இல்லை, போட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது. அவள் குரலில் பிடிக்க ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று, பக்கத்தில் யாராவது பேசினால் உடனே கரைந்துபோகிற குரல். நான் முயற்சி செய்து செய்து தோற்பதைப் பார்த்து அவள் சிரிப்பாள், 'என் குரல் மட்டும் ஒனக்கு வராதுட்டி, அத விட்டுரு' என்பாள், சொல்வதற்கு முன் ஒரு மூச்சு அளவு நிற்பாள், மற்றவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி. அவள் அப்பாவும் அம்மாவும் அளத்தில் வேலை, விடியும் முன் போய் உப்பு வாருகிறவர்கள், லீவு நாளில் இவளும். அவள் எழுதிய கட்டுரையால்தான் இந்தப் பயணமே. ஜெர்மனியில் கடலே இல்லாத ஒரு ஊரில் மலைக்குள் உப்பு இருக்கிறதாம், அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எங்கள் கான்வென்டோடு நட்பு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியபோது, மதர் எல்லோரையும் உப்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள், நாங்கள் எல்லோரும் உப்பின் பயன்கள் எழுதினோம், கனி பாத்தியில் முதல் உப்பு பூக்கிற அன்றைக்கு அப்பா யாரோடும் பேசமாட்டார் என்று எழுதினாள். அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேரைச் செலவெல்லாம் தந்து கூப்பிட்டது அந்த ஒரு வரிக்காகத்தான் என்று மதரே சொன்னார்கள், அதாவது, அதாவது, என்று. அன்று சாயங்காலம் கனி வீட்டு வாசலில் அவள் அப்பா சண்முகவேல் மாமா கால் கழுவிக்கொண்டிருந்தார். 'வெயில் இல்லாம உப்பாம்மா?' என்று கேட்டார். 'ஆமாப்பா, பாறையா இருக்காம், வெட்டி எடுக்காங்களாம்.' அவர் செம்பைக் கீழே வைத்தார். 'ஒரு துண்டு கொண்டாருவியா? நாக்குல வச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்.' கனி 'கொண்டாரேன்' என்றாள். ஒரு மூச்சு நின்று சொன்னாள்.

இங்கே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிற கைரேகை மெஷினைப் பார்த்தால் எனக்கு அவள் விரல்தான் ஞாபகம் வருகிறது. பச்சை விளக்கு எரிகிறது, ஒரு பெரியவர் நான்கு விரலை வைக்கிறார், சிவப்பு, துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. அளத்து ஆட்களுக்கு விரலில் ரேகை தேய்ந்துபோகும், சண்முகவேல் மாமாவுக்கு ரேஷன் கடை மெஷினில் விழுந்ததே இல்லை, அங்கே எப்போதும் அத்தைதான் போகவேண்டும், அத்தைக்கும் பாதி நாள் விழாது. லீவு நாளில் மட்டும் அளத்துக்குப் போகிற கனிக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகிறதுக்கு முன் ஒரு வாரம் முழுக்கப் படுக்கும்போது பத்து விரலிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தாள். நோட்டுப் புத்தகமெல்லாம் எண்ணெய். நான் அதையும் விடவில்லை, மெஷின் குரலில், 'விரல் செல்லாது, கால் விரலை வைக்கவும்' என்று அவள் பின்னாலேயே திரிந்தேன். ஆனால் அன்றைக்கு ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடி வந்தாள், பத்து விரலையும் என் மூஞ்சிக்கு நேரே விரித்து, 'விழுந்துட்டுட்டி! பத்தும் விழுந்துட்டு!' என்றாள். நிற்காமல் சொன்னாள், அந்த ஒரு தடவை மட்டும், மூச்சு விடாமல். விரலுக்குத்தான் பயந்தாள். விரல் அவளைக் கைவிடவில்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு பெண் ஈரத்துணி கொடுக்கிறாள், பச்சை எரிகிறது, அவர் சுற்றியிருக்கிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

முப்பத்து, மூன்று, கவுன்டர், இரண்டு. எனக்குப் போலீஸ் வரவில்லை. அப்பா கப்பல் இன்ஜின் ரூமில் மோட்டார்மேன், அவர் பாஸ்போர்ட் முழுக்க முத்திரை. அம்மாவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார், கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று எடுத்தது, கூட்டிப்போகவில்லை, பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் மொறமொறவென்று இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு விசாரணை கிடையாதாம், எனக்கு ஒன்பதாவது நாளே தபாலில் வந்துவிட்டது. இல்லாத வீட்டுக்குத்தான் போலீஸ் வரும். பத்துப் பேரில் கனி வீட்டுக்கு மட்டும். அவள் இதைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது ஏட்டய்யா குரல். போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து ஹெல்மெட் பற்றிப் பேசினாரே, விசாரணைக்கு வருகிறவரும் அதே ஏட்டுதான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டைக்குள் ஒரு மாட்டு வண்டி ஏறி இறங்கும், க்ஹ்ரும், மாணவச் செல்வங்களே, க்ஹ்ரும், உயிர் ஒண்ணுதான். அந்த க்ஹ்ரும்தான் கைப்பிடி. அன்று சாயங்காலமே அம்மாவின் பழைய சிம்மைப் போட்டுக் கனி வீட்டு போனுக்கு அடித்தேன். 'க்ஹ்ரும், ஸ்டேஷன்லேர்ந்து பேசுதேன், முத்துக்கனிங்கது யாரு?' 'நான்தான் சார்.' 'வீட்ல எத்தன உருப்படி?' 'மூணு பேர் சார்.' 'ஆடு, கோழி?' 'கோழி ரெண்டு இருக்கு சார்.' 'க்ஹ்ரும், கோழிக்கு ஆதார் எடுத்தாச்சா?' ஒரு மூச்சு நின்றாள். 'எடுக்கல சார். எங்க போய் எடுக்கணும் சார்?' நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து உருண்டேன், மறுநாள் வகுப்பே உருண்டது, கனியும்தான், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தியிருக்கலாம், இந்த வார்த்தைக்கு என்ன கைப்பிடி? இரண்டாவது தடவை போனை எடுத்தது சண்முகவேல் மாமா. அவர் என்று தெரிந்ததும் வைத்திருக்க வேண்டும், ஆனால் குரல் ஏற்கனவே வாயில் இருந்தது, குரல் வாயில் இருக்கும்போது நான் நான் இல்லை, அது பேசும், நான் வேடிக்கை பார்ப்பேன். 'க்ஹ்ரும், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் வாங்க.' 'சரிங்கய்யா. வந்துருதேன்ய்யா. பிள்ளையும் வரணுமாய்யா?' அவர் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றது எனக்குக் கேட்டது, கட்டில் கிறீச்சிட்டது. மறுநாள் அளத்துக்குப் போகாமல் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, கனியின் முதலாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க் ஷீட்டும் ஒரு மஞ்சள் பையில், மத்தியானம் வரை ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் நின்றாராம். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் யாரோ, 'ஒங்க பேப்பரே இன்னும் வரலியே, யாரு ஒம்மள வரச் சொன்னா?' என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் வீட்டுக்கு வந்து, 'ஆள் மாறிப் பேசிட்டாங்க போல' என்றாராம், அவ்வளவுதான். கனி என்னிடம் இதைச் சொல்லும்போது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். 'ஏட்டி, எங்கப்பா தேய்ச்ச சட்டைல்லா போட்டுட்டுப் போனாவ' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'இரு, அடுத்த தடவ நான் ஒன்ன ஏமாத்துதேன் பாரு' என்றாள். நீயா, என்றேன். 'ஆமா, நானும் ஒரு குரல் பழகுதேன்.' கிழவி குரல் பழகினாள். சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் வைத்து நானே சொல்லிக் கொடுத்தேன், கன்னத்தை உள்ளே இழுட்டி, பல்லு இல்லாத மாதிரி உதட்ட மடக்கு, மூச்ச முன்னால விடாத, பின்னால விடு. நானே சொல்லிக் கொடுத்தேன்.

முப்பத்து, ஐந்து. நான்கு எப்போது போனது? மிஸ் கோப்பைத் திறந்து மறுபடியும் சரிபார்க்கிறார்கள், போட்டோ, பெற்றோர் சம்மதக் கடிதம், இன்சூரன்ஸ், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, கனியின் உறையில் எல்லாம் இருக்கிறது, சண்முகவேல் மாமாவின் கையெழுத்து இருக்கிறது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஓய்வெடுத்துப் போட்ட கையெழுத்து, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, கேட்டுக்குள் நுழையும்போதே கனி என்னை இழுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போனாள், முகம் முழுக்க வெளிச்சம். 'ஏட்டி, நேத்து எப்படி? ஏமாந்துட்டல்லா? நீயே ஏமாந்துட்ட!' எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'நீ க்ஹ்ரும்னு ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சிட்டு, ஒடனே கெழவி ஆயிட்டேன்லா. முத்துக்கனி இருக்காளான்னு கேட்டல்ல, அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லய்யா, நான் ஒத்தக் கெழவி, அந்தப் புள்ள சீமைக்குப் போயிட்டாம்லா, அப்படின்னேன், நீ ஒண்ணும் பேச முடியாம வச்சிட்டியே!' சொல்லிக்கொண்டே எனக்கு அந்தக் கிழவியைச் செய்து காட்டினாள். அருமையாக இருந்தது. உண்மையாகவே ஒரு கிழவி அங்கே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனே பண்ணவில்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து தூங்கினேன். அது தெரிந்த நொடியை நான் இப்போதும் தொட்டுப் பார்க்கிறேன், பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுகிற மாதிரி. அது நான் இல்லட்டி, என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். வாழ்க்கையிலேயே முதல் தடவை ஒரு குரலைச் செய்து ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறாள், அதுவும் என்னை. நான், 'சூப்பர்டி, பயந்தே போயிட்டேன்' என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் க்ஹ்ருமுக்கும் அவர் க்ஹ்ருமுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கேட்டதும் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷம்தான் பேசியது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம், ஏட்டு சிரித்திருப்பார், திட்டியிருப்பார், எழுதியிருக்க மாட்டார். செவ்வாய் நான் சொல்லவில்லை. செவ்வாய்க் காலையில் ஏட்டு நேரிலும் போயிருக்கிறார், எல்லோரும் அளத்தில், இவள் பள்ளிக்கூடத்தில், கதவில் பூட்டு. புதன்கிழமை எழுதி அனுப்பிவிட்டார். பதினைந்து நாள் கழித்து பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தார், நானும் துணைக்குப் போயிருந்தேன், 'விண்ணப்பதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை என மூதாட்டி ஒருவர் தெரிவித்தார்.' சண்முகவேல் மாமா, 'எங்க வீட்ல மூதாட்டியே கெடையாதே சார்' என்றார், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மூச்சு அளவுதான் பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, சூப்பர்டி, எல்லாம்.

முப்பத்து, ஆறு. இன்ஸ்பெக்டர் மிஸ்ஸிடம் சொன்னாராம், 'முன்னாடியே யாரோ போலீஸ் மாதிரி போன் பண்ணி விளையாடிருக்காங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுது, அது யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. அந்த ஆள் வந்து எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே ஏட்ட மறுபடியும் அனுப்புதேன்.' கனி வாயைத் திறக்கவில்லை. மதர் கேட்டும் திறக்கவில்லை, சேர்ந்து சிரித்த வகுப்பும் திறக்கவில்லை. மாமா கேட்டபோது, 'யாரோ தெரியாதவங்கப்பா' என்றாளாம். என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், பேனா கேட்டால் கொடுத்தாள், போன வெள்ளிக்கிழமை நான் இந்தப் பயணத்துக்குப் பெட்டி வாங்கப்போவதைப் பற்றி ஷிஃபானா பேசியபோது, 'நல்ல சக்கரமா பாத்து வாங்குட்டி' என்றாள். ஏன் சொல்லவில்லை அவள்? சொன்னால் என் பேரும் லிஸ்ட்டில் இருந்து போய்விடும் என்றா, இல்லை, நானே சொல்வேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாளா, எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று நிற்கிற மாதிரி எனக்காக நிற்கிறாளா? நேற்று ரயிலில் கோவில்பட்டி வருவதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொன்னேன். எழுந்து நின்று, க்ஹ்ரும், 'யாருக்கும் தெரியாத அந்தக் குற்றவாளி நான்தான், விலங்கு மாட்டுங்க' என்றேன். மொத்தப் பெட்டியும் சிரித்தது, மிஸ்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'உக்காருடி வாலு' என்றார்கள். ஏட்டய்யா குரலில் சொன்னால் ஏட்டய்யாதான் சொன்னதாக ஆகும். என் குரலில் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது? போன கிறிஸ்துமஸுக்கு அப்பா வரவில்லை, கப்பல் எங்கேயோ நின்றுவிட்டது, அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள் என்று சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, 'ஏளா, சோறு ஆயிட்டா?' என்று அப்பாவாகக் கூப்பிட்டேன். அம்மா, 'இந்தா ஆயிட்டு' என்றாள், கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்து, தலையைச் சரி செய்துகொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. 'இனிமே அந்தக் குரல எடுக்காத' என்றாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு, குரல் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறார், தலையைச் சரி செய்கிறார், சட்டையைத் தேய்க்கிறார்.

முப்பத்து, ஏழு. மிஸ்ஸுக்கு ஒரு ஜெராக்ஸ் குறைகிறது, மதரின் கடிதம் இரண்டு பிரதி வேண்டுமாம், மிஸ் அந்த மூலையில் இருக்கிற ஜெராக்ஸ் மெஷினுக்கு எழுந்து போகிறார்கள், நீலக் கோப்பை லிஸ்ட்டோடு ஷிஃபானாவிடம் கொடுத்துவிட்டு. இப்போது. இப்போது போய்ச் சொன்னால் தனியாகச் சொல்லலாம். பதினைந்து அடிகூட இருக்காது. மிஸ், அந்த போன் நான்தான் பண்ணினேன். இதில் பெரிய வார்த்தை ஒன்றுமே இல்லையே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சொன்னால் நான் போகமாட்டேன், அது நிச்சயம், அப்பா துறைமுகத்திலிருந்து போன் பண்ணி, விட்டு விட்டுக் கேட்கிற அந்த லைனில், என்னம்மா செஞ்ச, என்பார், பதில் போய்ச் சேர நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சண்முகவேல் மாமா முன்னால் நிற்க வேண்டும். அவர் திட்டமாட்டார், அதுதான் பயம், நீயாம்மா, என்பார். எனக்குக் கால் சில்லிட்டுப்போய் இருக்கிறது, நாற்காலியின் கம்பி தொடையில் பதிந்திருக்கிறது, எழுந்தால் கோடு கோடாக இருக்கும். மலைக்குள்ளே உப்பு எப்படி இருக்கும்? நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேனா? ஒரு துண்டு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, கனி வீட்டு வாசலில் போய் நின்று, மாமா, இந்தாங்க, என்று எந்தக் குரலில் கொடுப்பேன்? டோக்கன் நம்பர், முப்பத்து, எட்டு, கவுன்டர், ஆறு. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நானும் எழுந்துவிட்டேன், ஷிஃபானா கோப்போடு முன்னால் போகிறாள், ஆறாம் கவுன்டர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு லிஸ்ட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு பேராக வாசிக்கிறார், 'இருக்கேன் சார்', 'இருக்கேன் சார்', ஒவ்வொருத்திக்கும் ஒரு டிக். ஜெராக்ஸ் மெஷின் அங்கே வெளிச்சம் விட்டு விட்டு ஓடுகிறது. ஆறு டிக். 'முத்துக்கனி.' பேனா லிஸ்ட்டின் மேல் நின்றது. 'முத்துக்கனி எஸ், இருக்காங்களா?' எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பழக்கம். வராதவளுக்கு நான்தான் உள்ளேன் சொல்லவேண்டும், பதினோராம் வகுப்பு பி பிரிவுக்கு அது சட்டம். ஒரு நிமிஷம் இருங்க சார், எங்க மிஸ் வருவாங்க, அவ்வளவு சொன்னால் போதும். நான் வாயைத் திறக்கிறேன். ஒரு மூச்சு அளவு நிற்கிறேன். நான் நிற்கவில்லை, அது நின்றது. பிறகு வழுவழுவென்று, பக்கத்தில் யாராவது இருமினால் கரைந்துபோகிற மாதிரி, 'அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லய்யா' என்று வந்தது. கிழவி இல்லை. ஏட்டு இல்லை. எத்தனையோ நாள் தேடியும் எனக்கு வராத குரல். ஷிஃபானா என் கையைக் கிள்ளி, 'ஏட்டி, அப்படியே கனி!' என்று கிசுகிசுத்தாள், பின்னால் ஒருத்தி சத்தமில்லாமல் கை தட்டினாள். அந்த ஆள் ஸ்கேலை எடுத்து லிஸ்ட்டில் வைத்து, வளையாமல், ஒரு கோடு போட்டார். 'ரெமிலா' என்றார். நான் வரிசையை விட்டு விலகினேன். ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்து நடந்தேன், பதினைந்து அடி, கால் மரத்திருந்தது. கோடு போட்டாயிற்று, இனிமேல் சொல்லி என்ன, என்று மெஷின் அக்கா குரலில் ஏதோ ஒன்று உள்ளே சொன்னது, மதர் குரலில் ஒன்று அதாவது என்றது, க்ஹ்ரும் என்றது ஒன்று, ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனேன். மிஸ் குனிந்து சூடான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 'மிஸ்' என்றேன். மிஸ் நிமிர்ந்து, தெரியாத யாரோ கூப்பிட்ட மாதிரி, என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.